பாதி விழுந்தவள்

பனிச்சறுக்குத் தொடக்கநிலை வகுப்பின் மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை விழத் தொடங்கிய கண்ணாடிக் கடைக்காரி, ஏழு ஆண்டுகள் ஆகியும் பனித்தளத்தைத் தொடவில்லை. முதலில் இடது கால் முன்னே வழுக்கிப் போனது, அதைத் துரத்திக்கொண்டு வலது காலும் போனது, உடம்பு பின்பக்கமாகச் சாய்ந்தது. பாதிச் சாய்வில் அப்படியே நின்றுவிட்டது. அவள் முதுகுக்கும் பனிக்கும் நடுவில் ஒரு நாற்காலியை நுழைக்கும் அளவுக்கு இடம் இருந்தது. அன்றைக்கே ஒரு நாற்காலியை நுழைத்தும் பார்த்தார்கள். அதன்மேல் அவள் உட்காரவுமில்லை, சாயவுமில்லை. கழுத்தைத் திருப்ப முடிந்தது, பேச முடிந்தது, இடது கை சொன்னபடி கேட்டது. வலது கை மட்டும் முன்னால் நீண்டபடி உறைந்திருந்தது. அதன் விரல்கள் இன்னொரு கையைப் பற்றியிருப்பதைப் போல மடங்கியிருந்தன. உள்ளே இருக்க வேண்டிய கைதான் இல்லை.

அந்தக் கை அவள் கணவனுடையது. அவன் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்தில் யார் நடுவழியில் மாட்டிக்கொண்டாலும், சோற்றில் வைத்த கையை உதறிக்கொண்டு ஓடுகிறவன். வீட்டுக் குளியலறைக் கதவின் தாழ்ப்பாள் மட்டும் கல்யாணமான வருஷத்திலிருந்து ஒற்றை ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து அளவு எழுதிக்கொடுப்பவள். இருவரும் சேர்ந்து ஏதாவது ஒரு காரியம் செய்ய வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. என்ன காரியம் என்பதில் அவள் பிடிவாதம் காட்டியதில்லை. பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு ஒன்றைப் பனித்தளமாக மாற்றி, எல்லா வயதினருக்கும் தொடக்கநிலை வகுப்பு என்று வாசலில் தட்டி வைத்ததும், உள்ளே போய் இரண்டு பேருக்கும் பெயர் கொடுத்துவிட்டு வந்தாள். “மண்ணு மேல நடக்கவே எனக்கு நேரமில்ல, இதுல ஐஸ் மேல வேறயா?” என்று அவன் கேட்டான். ஆனாலும் வந்தான். வந்ததை அவள் பெரிதாக எடுத்துக்கொண்டாள். வருத்தப்பட வேண்டியது அங்கேயே தொடங்கிவிட்டது.

வகுப்பில் முன்பல் விழுந்த பிள்ளைகளும் இருந்தார்கள், பல்செட் கட்டிய ஓய்வுபெற்ற அதிகாரியும் இருந்தார். வாடகைக் காலணியின் கத்தி முனையில் எழுந்து நின்றதும் எல்லோருக்கும் ஒரே வயதாகிவிட்டது. பிள்ளைகள் பிடித்துக்கொள்வதற்காக நீல நிறப் பிளாஸ்டிக் பெங்குவின்கள் இருந்தன. யாரும் பார்க்காத நேரத்தில் அதிகாரியும் ஒன்றைத் தள்ளிக்கொண்டு போனார். பயிற்சி கொடுத்தவள் ஒரு காலத்தில் போட்டிகளில் ஆடியவள். கழுத்தில் எப்போதும் ஊதல் தொங்கியதால் எல்லோருக்கும் அவள் விசில் அக்கா. அவள் முதல் வகுப்பில் சறுக்கக் கற்றுத்தரவில்லை; விழவும் எழவும் கற்றுத்தந்தாள். முட்டி போடு, ஒரு காலை ஊன்று, இரண்டு கையையும் அந்த முட்டியில் வைத்து எழு. மூன்றாவது வகுப்பில் இருவர் இருவராகக் கைகோத்துப் போகச் சொன்னாள். அதற்கு ஒரே ஒரு விதி. “பக்கத்துல இருக்கறவங்க விழுறாங்கன்னா கையை விட்டுடணும். பாசத்தையெல்லாம் வீட்ல வச்சுக்கங்க. இங்க பிடிச்சு இழுத்தீங்கன்னா ஒரு எலும்பு உடையற இடத்துல ரெண்டு உடையும்.”

லிஃப்ட் மெக்கானிக் அந்த விதிப்படியே நடந்தான். அவள் விழுந்ததால் அவன் விட்டானா, அவன் விட்டதால் அவள் விழுந்தாளா என்பதில் வகுப்புக்குள் இரண்டு கட்சி உண்டு. பின்னால் பெங்குவினைத் தள்ளிக்கொண்டு வந்த இரட்டைச் சடைச் சிறுமி, “அந்த மாமாதான் முதல்ல விட்டாரு, அப்புறம்தான் அத்தை வழுக்குனாங்க” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். அவளுடைய அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அந்த நேரத்தில் மற்றவர்கள் அவரவர் காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால், எது சரி என்று இன்றைக்கும் அடித்துச் சொல்ல முடியாது. கண்ணாடிக் கடைக்காரி இதை யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடும் என்று பயந்திருக்கலாம்.

தீயணைப்புக்காரர்கள் வந்து இழுத்துப் பார்த்தார்கள். எலும்பு மருத்துவர் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, எதுவும் உடையவில்லை, உடைந்த பிறகு கூப்பிடுங்கள் என்று சொல்லிப் போனார். கணவன் அவளைச் சுற்றித் தவழ்ந்து, கீழே குனிந்து பார்த்து, “கயிறு அறுந்தா லிஃப்ட்டுல பிரேக் பிடிச்சுக்கும்ல, அந்த மாதிரி நிக்குது” என்றான். தன்னைப் பற்றித்தான் சொல்கிறான் என்பது அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. வகுப்பில் ஒவ்வொருவரும் அவளுடைய வலது கையைப் பற்றப் பார்த்தார்கள். பெரிய கைகள் நுழையவில்லை, சின்னக் கைகள் நழுவிக்கொண்டு வந்தன. விரல்களுக்குள் இருந்த இடம் ஒரே ஒரு கையின் அளவு என்பது எல்லோருக்கும் தெரிந்துபோனது. ஓரக்கம்பியைக் கட்டிக்கொண்டு நின்ற கணவனை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“எனக்கே இன்னும் நிக்க வரல” என்றான் அவன். “இப்பப் பிடிச்சா ரெண்டு பேரும் விழுவோம். நல்லா கத்துக்கிட்டு வந்து பிடிக்கிறேன்.”

“விழுந்தா விழுந்துட்டுப் போறோம், வாங்க” என்றாள் அவள்.

“அவசரப்படாத.”

அவளுக்கு வலி எதுவும் இல்லை. பசித்தது, தூக்கம் வந்தது, குளிர் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான். கால் வழுக்கியதும் வயிற்றுக்குள் குபுக்கென்று ஒரு கூச்சம் எழுமே, மற்றவர்களுக்குக் கண் மூடித் திறப்பதற்குள் வந்து போய்விடுமே, அது அவளுக்கு நிற்கவே இல்லை. சாப்பிடும்போதும் இருந்தது, கனவிலும் இருந்தது. கீழே போய் அடிபட்டு, ஐயோ என்று ஒரு தடவை கத்திவிட்டால் தீர்ந்துவிடும் என்று ஏங்கினாள். உலகத்தில் அவளுக்கு வேண்டியிருந்தது அவன் கை ஒரு நிமிஷம். அதைப் பிடித்துக்கொண்டு முழுசாக விழ வேண்டும்.

அவள் அங்கேயே இருந்ததால் எல்லாம் அவளுக்குத் தக்கபடி அமைந்தது. கடை முதலாளி எழுத்து அட்டையை எதிர்ச் சுவரில் மாட்டினார். கண் பார்க்க வந்தவர்கள் காலணி மாட்டிக்கொண்டு பனியில் தட்டுத்தடுமாறி வந்து நின்று, கடைசி வரியை வாசித்தார்கள். சாய்ந்த கண்ணால் பார்க்கிறவள் எழுதும் அளவு துல்லியமாக இருப்பதாகக் கூட்டம் கூடியது. பனியை மெழுகும் வண்டியின் ஓட்டுநர் அவளைச் சுற்றி வளைத்துக்கொண்டு போகப் பழகினார். அதனால் அவள் கால்மாட்டில் ஒரு பாய் அளவுக்குப் பனி மெழுகப்படாமல் வருஷக்கணக்காகச் சொரசொரத்துக் கிடந்தது. மாமியார் வாரம் ஒரு முறை ஓரக்கம்பிக்கு வெளியே வந்து நின்று, “வீட்ல போட்டது போட்டபடி கிடக்கு, நீ இங்க ஹாயா சாஞ்சுக்கிட்டிருக்க” என்பாள். பிறகு கம்பியைத் தாண்டிக் கையை நீட்டி, நீளக் கரண்டியால் ஊட்டிவிடுவாள். திட்டியவளே ஊட்டியதும், ஊட்ட வேண்டியவன் பக்கத்தில் வட்டமடித்ததும் ஒரே நேரத்தில்தான் நடந்தன.

அவன் கற்றுக்கொண்டான், அதில் பொய் சொல்லவில்லை. நிற்கக் கற்றுக்கொண்ட மாதத்தில், நிற்பது மட்டும் போதாது, பிரேக் போடத் தெரிய வேண்டும் என்றான். பிரேக் வந்தபோது, திரும்பத் தெரியாமல் எப்படி என்றான். திரும்பக் கற்றுக்கொண்டபோது, ஆளைத் தாங்குவதற்குப் பின்பக்கமாகப் போகத் தெரிய வேண்டுமாம். தொடக்கநிலையிலிருந்து இடைநிலைக்குப் போனான், இடைநிலையிலிருந்து முதுநிலைக்கு. ஒவ்வொரு படியிலும் அவளிடம் வந்து சொன்னான். முதலில் மூச்சு வாங்க, பிறகு மூச்சு வாங்காமல், பிறகு போகிற போக்கில். விசில் அக்கா ஒரு நாள் பொறுக்க முடியாமல், “ஏன்யா, இதுக்கு மேல என்ன கத்துக்கணும்?” என்று கேட்டாள். “நீங்கதானே சொன்னீங்க, விழுறவங்க கையைப் பிடிக்கக் கூடாதுன்னு” என்றான். அவள் ஊதலை ஊதிக்கொண்டு பிள்ளைகள் பக்கம் போய்விட்டாள். வீட்டில் எந்தச் சொல்லையும் கேட்காதவன் இந்த ஒரு சொல்லை இவ்வளவு காலம் காப்பாற்றியதை நினைத்து, சாய்ந்திருந்தவள் சிரித்தாள். சிரிப்பு வயிற்றுக் கூச்சத்தோடு கலந்து வாந்தி வருவது போல இருந்தது.

கோடையில் ஒரு மாதம் குழாய்களைப் பழுதுபார்ப்பதற்காகப் பனியை உருகவிட்டார்கள். வெறும் சிமெண்டுத் தரைக்கு மேலே அவள் அதே சாய்வில் நின்றாள். வகுப்பு இல்லாததால் கணவன் வரவில்லை. மறுபடி பனி கட்டிய முதல் ஞாயிறு வந்தான். அவனுடைய கையில் மருந்துக்கடைக்காரியின் கை இருந்தது. அவளும் பழைய வகுப்புதான், கூடவே முதுநிலைக்குப் போனவள். இருவரும் ஜோடியாகப் பயிற்சி செய்வதாகச் சொன்னார்கள். அவர்கள் ஒவ்வொரு சுற்றும் தாண்டிப் போகும்போது, சாய்ந்திருந்தவளின் கன்னத்தில் காற்று பட்டது. மருந்துக்கடைக்காரி முதல் சில வாரம் தலைகுனிந்து போனாள். அப்புறம் சௌக்கியமா என்று கேட்டுவிட்டுப் போனாள். இதற்குத் தலைகுனிந்தே போயிருக்கலாம் என்று கண்ணாடிக் கடைக்காரிக்குத் தோன்றியது.

ஏழாம் ஆண்டு முடிவில் பெற்றோரும் உறவினரும் பார்க்க ஒரு காட்சி வைத்தார்கள். தொடக்கநிலைப் பிள்ளைகள் பெங்குவினோடு வந்து கும்பலாக விழுந்து கைதட்டல் வாங்கினார்கள். அடுத்து கணவனும் மருந்துக்கடைக்காரியும் கைகோத்து வந்தார்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. இல்லை என்று சொன்னால் அநியாயம். மூன்றாவது சுற்றில், கூட்டத்துக்கு நெருக்கமாகப் போக வேண்டும் என்று அவன் வளைவை அகலமாக்கினான். மெழுகப்படாமல் கிடந்த அந்தப் பாய் அளவுப் பனியில் அவனுடைய காலணி மாட்டியது. அவன் சாயத் தொடங்கியதும் மருந்துக்கடைக்காரி அவன் கையை விட்டாள். அவளும் அதே வகுப்பில் படித்தவள்தானே. அவன் தடாலென்று முழுசாக விழுந்து, சறுக்கிக்கொண்டு வந்து மனைவியின் கால்மாட்டில் நின்றான். தான் விழுந்திருந்தாலும் சத்தம் இப்படித்தான் இருந்திருக்குமா என்று அவள் ஆசையோடு காது கொடுத்தாள்.

அவனுடைய கண்ணுக்கு நேர் மேலே, ஒரு சாண் தூரத்தில், அவள் வலது கை நீண்டிருந்தது. வலியில் அவன் எதையும் யோசிக்கவில்லை. தானாகக் கையைத் தூக்கினான்.

“கையக் குடு” என்றான்.

இரட்டைச் சடைச் சிறுமி இப்போது ஒற்றைச் சடை போடும் வயதுக்கு வந்திருந்தாள். அவள் பெஞ்சின் மேல் ஏறி நின்றாள். மாமியார்கூட, “பிடிச்சுக்கடி, பிடிச்சுக்க” என்று முணுமுணுத்தாள். அவன் கையை இன்னும் ஒரு சாண் உயர்த்தினால் போதும். அந்த விரல்களுக்குள் அது சரியாகப் பொருந்தும், அவளும் பனிக்கு வந்துவிடுவாள், வயிற்றுக் கூச்சம் தீர்ந்துவிடும். இத்தனை காலம் காத்திருந்தது இதற்குத்தான். அவன் உயர்த்தினான். யாராலும் அசைக்க முடியாதிருந்த அந்த விரல்களை அவள் ஒவ்வொன்றாக மடக்கினாள். கை இருந்த இடத்தை மூடிக்கொண்டு முஷ்டியாக்கி, நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

“விழுறவங்க கையைப் பிடிக்கக் கூடாதுங்க. முதல்லயே சொல்லிக்கொடுத்தாங்க. நீங்களும் இருந்தீங்களே.”

“விளையாடாத, இடுப்பு போச்சு.”

“முட்டி போடுங்க. ஒரு காலை ஊனுங்க. ரெண்டு கையையும் முட்டியில வச்சு எந்திரிங்க. அவசரப்படாதீங்க.”

அவன் அப்படியே எழுந்தான். அதற்கு நெடுநேரம் ஆனது. கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியவில்லை. அவன் ஓரக்கம்பியைப் பிடித்தபடி, தொடக்கநிலை ஆள் போலக் கதவு வரைக்கும் போனான். அதன் பிறகு வரவில்லை. மருந்துக்கடைக்காரி கொஞ்ச காலம் தனியாக ஆடினாள். முஷ்டி மூடிய அந்த நொடியில் கண்ணாடிக் கடைக்காரியின் வயிற்றுக் கூச்சம் நின்றுவிட்டது. அவள் மட்டும் சாய்வு மாறாமல் அங்கேயே இருந்தாள். அழுதாளா என்று மாமியாரைக் கேட்டவர்களுக்கு, ஊட்டும்போது கரண்டியில் கொஞ்சம் உப்புக் கரித்தது, அவ்வளவுதான் தெரியும் என்று பதில் கிடைத்தது.

மறு வாரம் புதிய தொடக்கநிலை வகுப்பு ஆரம்பமானது. பெங்குவின்கள் பழசாகி விரிசல் விட்டிருந்தன. விசில் அக்கா புதிதாக வாங்கவில்லை. நிற்க வராதவர்களையெல்லாம் கண்ணாடிக் கடைக்காரியிடம் அனுப்பினாள். அவர்கள் அவள் இடது கையையும் தோளையும் பின்னலையும் பிடித்துக்கொண்டு நின்று பழகினார்கள். அவளைப் பிடித்துக்கொண்டிருந்த யாரும் இதுவரை விழவில்லை. முதல் நாள் வந்த ஒரு லாரி ஓட்டுநர், பயத்தில் அவள் முழங்கையை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டு, “ஏம்மா, நீங்க விழப்போறீங்களா?” என்று கேட்டார்.

“இல்லண்ணே” என்றாள் அவள். “நான் இப்படித்தான் நிப்பேன். நீங்க காலைப் பாக்காதீங்க, நேரா பாருங்க. அந்த அட்டையில கடைசி வரி தெரியுதா?”