கொப்பரையில் கரைந்த ஞானராஜ்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தொன்று ஐப்பசியில், ராஜபாளையம் குருசாமியின் வெடியுப்புப் பட்டறையில், கொதிக்கிற கொப்பரைக்குள் தவறி விழுந்த மேஸ்திரி ஞானராஜ் கரைந்துபோனார். அலறல் இல்லை, வேட்டி மட்டும் மிதந்தது. அவர் செத்தார் என்று யாரும் சொல்லவில்லை. உப்புக் காய்ச்சுகிறவர்களுக்குக் கரைந்தது வேறு, செத்தது வேறு. பெண்சாதி தேவகிருபை ஓடிவந்தபோது ஒரே கேள்விதான் இருந்தது: ஆளை எப்படித் திரும்ப எடுப்பது?

பட்டறைச் சுவரில் ஞானராஜே கரியால் இரண்டு கோடுகள் போட்டிருந்தார். எந்தச் சூட்டில் தண்ணீர் எவ்வளவு உப்பைத் தாங்கும் என்கிற கணக்கு அது. வெடியுப்பின் கோடு செங்குத்தாக ஏறியது: கொதிநீர் வாங்கியதில் பெரும்பங்கை ஆறியதும் கக்கிவிடும். கறியுப்பின் கோடு படுத்தே கிடந்தது: ஆறவைத்துப் பிரயோசனமில்லை, தண்ணீரை வற்றக் காய்ச்சினால்தான் கிடைக்கும். மனுசனுக்கு எந்தக் கோடு? அதை அவர் போட்டுவைக்கவில்லை. ஆறவைத்து வராமலே போனால்? காய்ச்சி, அடியில் தீய்ந்துபோனால்?

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கிய நாத்தனார் தங்கபாய், "வத்தக் காய்ச்சுங்கய்யா, என் தம்பி அடியிலதான் கெடப்பான்!" என்று கத்தினாள். குருசாமி அடுப்பில் திணிக்க விறகைத் தூக்கிவிட்டார். தேவகிருபை குறுக்கே வந்து மறித்தாள்.

"மொதலாளி, செத்த நேரம் பொறுங்க. மதினி, ஒங்க தம்பி தெனம் கெணத்துல முங்கித்தான குளிக்காவ? பச்சத்தண்ணியில என்னைக்காவது கரைஞ்சிருக்காவளா?"

"என்னட்டி பேச்சு இது? அவன் என்ன வெல்லமா?"

"அப்பொ அவியளுக்கு ஏறுற கோடுதான். ஆறுனா வந்துருவாவ."

சட்டென்று ஆறினால் பொடியாகத்தான் விழும் என்பது தேவகிருபைக்குத் தெரியும். கொப்பரையைச் சுற்றி வைக்கோலும் சாக்கும் போர்த்தி, கிண்டுகிற துடுப்பை ஒளித்துவைத்து, பக்கத்தில் ஒருவரையும் தும்மவிடாமல் காவலிருந்தாள். ஜெபம்கூட வாய்க்குள்தான். சாக்கைத் தூக்கிப் பார்க்கத் துடித்த தங்கபாயை இரண்டு பேர் பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆறி முடிந்த காலையில், கம்பி கம்பியாய் விளைந்த வெள்ளை உப்புக்கு நடுவே ஞானராஜ் எழுந்து உட்கார்ந்தார். அக்காளைப் பார்த்து, "பஸ்ஸுலயா வந்தே?" என்றார். பெண்சாதியைப் பார்த்து, "அம்மா, நீங்க யாரு?" என்றார்.

ஆறிய தண்ணீரும் கொஞ்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தினம் குளித்த கிணறும் அவரில் கொஞ்சம் தின்றிருக்கும், யார் கவனித்தது? மிஞ்சிய தண்ணீரை அடுத்த காய்ச்சலில் ஊற்றுவது பட்டறை வழக்கம். தேவகிருபை கொப்பரையின் குறுக்கே விழுந்து தடுத்து, அவ்வளவையும் பானைகளில் வீட்டுக்குக் கொண்டுபோனாள். பானை ஒன்றில் விரிசல் இருக்குமோ என்று தடவித் தடவிப் பார்த்தாள். அவரோ விருந்தாளிபோல, "போதுங்கம்மா, ஒங்களுக்குச் சிரமம்" என்று அவள் கையால் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

மார்கழியில் மலைக்காற்று இறங்கி, பானைத் தண்ணீர் இன்னும் குளிர்ந்தது. ஒரு விடியலில் பானையின் அடியில் நகம் அளவுக்கு ஒரு துண்டு விளைந்திருந்தது. எடுத்துக் கொடுத்தாள். அவர் நாக்கில் வைத்து, கரையும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

"ஏட்டி கிருபை, காப்பி என்ன இம்புட்டு ஆறிக் கெடக்கு?"

பானையில் அவர் இன்னும் கொஞ்சம் பாக்கி இருந்தார். தட்டைப் போட்டு மூடிவிட்டு, அவள் காப்பியைச் சுடவைக்கப் போனாள்.