பதினோராவது வாக்கு

டன்ஸ்லோ தொகுதியை இப்போது ஒழித்துவிட்டார்கள். இருந்தவரை அங்கே பிரபு கைகாட்டிய ஆள்தான் ஜெயிப்பான். வாக்குப் போடுகிறவன் மேடையேறி, யாருக்கு வாக்கு என்று ஊர் கேட்கச் சொல்லவேண்டும். கீழே பிரபுவின் காரியஸ்தர் க்ரிம்வுட் உட்கார்ந்து காது கொடுத்துக் கேட்பார். ஊரே குடியிருப்பது பிரபுவுக்குச் சொந்தமான வீடுகளில். எவன் மாற்றிச் சொல்வான்?

1874 தேர்தலில்தான் எங்களுக்கு முதன்முதலாக ரகசிய வாக்குச் சீட்டு வந்தது. பிரபுவின் மகன் சின்னப் பிரபுவை எதிர்த்து லண்டன் சோப்பு வியாபாரி பின்னாக் நின்றான். அவனை முன்மொழிந்து கையெழுத்துப் போட்டவர்கள் பத்துப் பேர். சொந்த வீட்டுக்காரர்கள், யாருக்கும் பயப்படாதவர்கள். எண்ணி முடித்தபோது பின்னாக்குக்குப் பதினொன்று விழுந்திருந்தது.

சின்னப் பிரபு இருநூற்று எழுபது வாங்கி ஜெயித்தார். அதை யார் பேசினார்கள்? பதினோராவது ஆள் எவன் என்பதே பேச்சு. சாராயக் கடையில் ஒருவன் சிரித்தால் ஏன் சிரிக்கிறான் என்று பார்த்தார்கள், சிரிக்காவிட்டால் அதையும் பார்த்தார்கள். "ஆள் கிடைக்கலைன்னா தெருவையே காலி பண்ணிடுவேன்" என்றார் க்ரிம்வுட்.

நான் பிரபுவின் காட்டுக் காவலன். வெட்டவேண்டிய மரத்தில் வெள்ளைச் சாயத்தால் பெருக்கல் குறி போடுவது என் வேலை, முப்பது வருஷமாக. பிரபு உப்பைத் தின்றவன். எனக்குப் பயங்கரக் கோபம். யோசித்து யோசித்து, செருப்புத் தைக்கும் ஏனோக்கின் நினைவு வந்தது. வாக்குப் போடும்போது அவன் தடுப்புக்குப் பின்னால் ரொம்ப நேரம் நின்றான். எனக்கு அடுத்துதான் போனான். நேரே போய் க்ரிம்வுட்டிடம் சொன்னேன்.

ஏனோக்கை இழுத்துவந்தார்கள்.

"உள்ள அவ்ளோ நேரம் என்னய்யா பண்ணினே?" என்று கேட்டார் க்ரிம்வுட்.

"பென்சில் முனை ஒடிஞ்சிடுச்சுங்க. பல்லால கடிச்சுச் சீவினேன்."

"கதை விடாதே. நல்ல கடி!" என்றேன் நான். எல்லோரும் சிரித்தார்கள்.

"ஜெத்ரோ, நீயுமா? சத்தியமாச் சொல்றேன், சின்னப் பிரபு பேருக்கு நேராத்தான் பெருக்கல் போட்டேன்."

இவன் உளறுகிறான் என்று நினைத்தேன். "கேட்டீங்களா! வேண்டிய பேருக்கு எவனாவது பெருக்கல் போடுவானா?" என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் க்ரிம்வுட், "எல்லாரும் அப்படித்தான் சொல்றீங்க. வேண்டிய பேருக்கு நேரா பெருக்கல்னு அதிகாரி படிச்சுப் படிச்சுச் சொன்னாரே, அப்புறம் எப்படி பதினொண்ணு?" என்றார்.

அதிகாரி சொல்லத்தான் செய்தார். 'பெருக்கல்' என்றதுமே சீட்டை வாங்கிக்கொண்டு நடந்துவிட்டேன். எனக்கா பெருக்கல் போடச் சொல்லித்தர வேண்டும்? பின்னாக்கின் பெயரைத் தேடிப்பிடித்து, வெட்டித் தள்ளவேண்டிய மரத்துக்குப் போடுவதுபோல அழுத்திப் போட்டிருந்தேன். ஒழிந்தான் என்று மனசார நினைத்துக்கொண்டு போட்டேன்.

க்ரிம்வுட் என் பக்கம் பார்க்கக்கூட இல்லை. என்னை யார் சந்தேகப்படுவார்கள்? காட்டிக்கொடுத்தவனே நான்தானே.

மார்ச் இருபத்தைந்தாம் தேதி ஏனோக் வீட்டைக் காலி செய்தான். அவன் மனைவி மார்த்தா கைக்குழந்தையோடு வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். தெருவில் ஒருவரும் கதவைத் திறக்கவில்லை. நான் மட்டும் தோல் மூட்டையைத் தூக்கிவிடப் போனேன்.

"உன் மேல கோவம் இல்லடா ஜெத்ரோ. பார்த்ததைச் சொன்னே" என்றான் ஏனோக். "ஆனா, அந்தப் பதினோராவது வாக்கைப் போட்டவன் இருக்கானே, அவன்தான்டா ஆம்பளை. இந்த ஊர்ல ஒருத்தனுக்காவது முதுகெலும்பு இருந்திருக்கு. யாருன்னு தெரிஞ்சா கையைக் குலுக்கிட்டுப் போயிருப்பேன்."

மார்த்தா வண்டியிலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்று இன்றுவரை சந்தேகம்.

"சரி, நீயாவது கையக் குடு" என்றான்.

கொடுத்தேன். அவன் இறுக்கிப் பிடித்துக் குலுக்கினான். சொல்லிவிடலாம் என்று தொண்டைவரை வந்தது. நான் இருப்பதும் பிரபு வீட்டில்தான்.