படுத்துவிட்ட முள்

சிக்னலில் வண்டி நின்றதும் முள் இறங்கத் தொடங்கியது. டாஷ்போர்டில் ஆயில் பிரஷர் காட்டுகிற முள். அவசரமே இல்லாமல், வேலை நேரம் முடிந்த குமாஸ்தா மாதிரி நிதானமாக இறங்கி, அடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சின்னவள் ஆக்ஸிலேட்டரைத் தொட்டாள். அரை மனதாக எழுந்தது. காலை எடுத்தாள். மறுபடியும் படுத்துவிட்டது.

"அடப்பாவி, இப்பத்தானே உனக்குப் புது ஆயில் ஊத்தினேன்? அதையும் குடிச்சிட்டு இப்படிப் படுத்தா எப்படி?" என்று வண்டியைத் திட்டினாள். பின்னால் நின்ற பஸ்காரர் ஹாரன் அடித்தார். அவருக்கும் ஒரு பங்கு கொடுத்துவிட்டு, வண்டியை மெல்ல உருட்டிக்கொண்டு ஷெட்டுக்குத் திரும்பினாள்.

அது அவள் அப்பாவின் வண்டி. அவளைவிட மூத்தது. நீள மூக்கும் உருண்டை விளக்குகளுமாகத் தெருவில் வந்தால், போனைத் தூக்கிப் படம் பிடிக்காத ஆளில்லை. அப்பா போனபோது இரண்டு பெண்களுக்கும் பொதுவாக விட்டுப்போனது இரண்டே சொத்து. சாலை முனையில் இருந்த பட்டறை, அதற்குள் நின்ற இந்த வண்டி. பெரியவள்தான் பேச்சை எடுத்தாள். அவள் புருஷன், அதாவது அத்தான், அந்தப் பட்டறையில்தான் மெக்கானிக்.

"இங்க பாரு வாண்டு, பட்டறைய நாங்க வெச்சுக்கறோம், வண்டிய நீ எடுத்துக்க. பழைய இரும்பை உன் தலையில கட்டறேன்னு நெனச்சுக்காத. அத்தான் என்ஜினை இறக்கி, பேரிங் எல்லாம் புதுசு போட்டு ஏத்திட்டாரு. உன் காலம் பூரா ஓடும்."

"சரிக்கா" என்று சொல்லி, பட்டறையில் தனக்கிருந்த பாதியை எழுதிக் கொடுத்துவிட்டாள் சின்னவள். அதோடு நின்றாளா? பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த வேலையையும் விட்டாள். கல்யாணத்துக்கும் படப்பிடிப்புக்கும் வண்டியை வாடகைக்கு விட்டுப் பிழைத்துக்கொள்ளலாம் என்று திட்டம். வருகிற ஞாயிறு முதல் சவாரி, ஒரு கல்யாணப் பெண்ணை ஏற்றிக்கொண்டு மண்டபத்துக்குப் போகவேண்டும். இந்த முள் படுத்தால் அவள் பிழைப்பும் சேர்ந்து படுக்கும்.

திறந்து பார்க்காமலா வாங்கினாள் என்று கேட்கத் தோன்றும். கேட்பவர்களுக்கு அந்த வீட்டுச் சட்டம் தெரியாது. அங்கே யார் ஒரு நட்டை இறுக்கினாலும், நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்துத் தன் நிறத்தில் ஒரு கோடு இழுத்துவிட வேண்டும். நட்டு நழுவினால் கோடு உடையும், பார்த்தவுடன் தெரிந்துவிடும். அப்பாவுக்கு மஞ்சள் பெயிண்ட். பெரியவளுக்குச் சிவப்பு நெயில் பாலிஷ். சின்னவளுக்கு நீலம். மாப்பிள்ளையாக வந்தவருக்கு மரியாதையாகப் பச்சை. ஒருவர் கோடு போட்ட நட்டில் இன்னொருவர் ஸ்பேனர் வைக்கக் கூடாது. வைத்தால், உன்னை நம்பவில்லை என்று மூஞ்சிக்கு நேரே சொன்ன மாதிரி. ஒருமுறை அக்கா இறுக்கிய சக்கர நட்டைச் சின்னவள் சும்மா ஒரு அழுத்து அழுத்திப் பார்த்துவிட்டாள். அதற்குப் பெரியவள் எத்தனை நாள் முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தாள் தெரியுமா? அப்படி வளர்ந்தவள் அத்தான் ஏற்றிய என்ஜினைச் சோதித்துப் பார்ப்பாளா?

ஷெட் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாடிக் குடியிருப்பின் பின்புறம், தகரக் கூரை, ஒரு பல்பு, ஒரு குழாய். வண்டியை உள்ளே விட்டு மூடியைத் தூக்கினாள். முதலில் ஆயில் குச்சியை உருவிப் பார்த்தாள். அளவு சரி, கோட்டுக்குக் கோடு நின்றது. பில்டர் புதிது, அவளே மாட்டியது. கீழே ஒழுகலும் இல்லை.

அப்போதுதான் ஆயில் மாற்றிய அன்று கண்ட காட்சி நினைவுக்கு வந்தது. பழைய ஆயில் பொலபொலவென்று கொட்டவில்லை, தேன் மாதிரி இழுத்து இழுத்து இறங்கியது. இவ்வளவு கெட்டியாக ஏன் ஊற்றினார் என்று அன்றே ஒரு நிமிஷம் உறுத்தத்தான் செய்தது. அத்தான் ஏதாவது காரணத்தோடுதான் செய்திருப்பார் என்று அந்த உறுத்தலைத் துணியில் துடைத்துப் போட்டுவிட்டு, இந்த வண்டிக்குரிய ஆயிலை ஊற்றினாள். அதற்குப் பிறகுதான் முள் படுக்கப் பழகியது.

ஆனாலும் மனசு யார் மேலும் பழி போட ஒப்பவில்லை. முள்தான் பொய் சொல்கிறதோ? பழைய மீட்டர், பழைய ஒயர். சென்சாரைக் கழற்றி, அந்த ஓட்டையில் குழாய் வைத்த தனி மீட்டர் ஒன்றை மாட்டி என்ஜினை ஓடவிட்டாள். குளிர்ந்த என்ஜினில் பிரஷர் ஜம்மென்று ஏறியது. "பாத்தியா, நான் சொல்லல?" என்று வண்டியைத் தட்டிக்கொடுத்தாள். என்ஜின் சூடாகச் சூடாக அந்த மீட்டரும் இறங்கி, கடைசியில் டாஷ்போர்டு முள் படுத்த இடத்திலேயே தானும் படுத்தது. காதைக் கொடுத்துக் கேட்டால், அடியிலிருந்து டொக்கு டொக்கு என்று மெல்லிய சத்தம். முள் பாவம், உண்மையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

அடுத்தது வால்வு. பிரஷர் மிஞ்சினால் ஆயிலைத் திருப்பி அனுப்புகிற சின்ன வால்வு. என்ஜினின் பக்கவாட்டில், கீழே, குமிழ் மாதிரி ஒரு பெரிய நட்டுக்குள் ஒரு ஸ்பிரிங்கோடு உட்கார்ந்திருக்கும். நட்டின் மேல் கருப்பு அழுக்கு அப்பிக் கிடந்தது. கோடு இருந்தாலும் என்ன நிறமென்று தெரியவில்லை. அப்பாவுடையதாகத்தான் இருக்கும், கோபித்துக்கொள்ள அவர் இல்லை என்று ஸ்பேனரை வைத்தாள். ஸ்பிரிங் வெளியே வந்தது. அதன் பின்னாலேயே டிங், டிங் என்று இரண்டு வாஷர்கள் தட்டில் விழுந்தன.

சின்னவள் அந்த இரண்டு வாஷரையும் பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கே வாஷருக்கு வேலையே கிடையாது. ஸ்பிரிங்குக்கு முட்டுக் கொடுத்து, ஓட்டத்தில் முள்ளைத் தூக்கிக் காட்டுவதற்கென்றே யாரோ வைத்தது. வண்டி நிற்கும்போது முள்ளைத் தாங்கக் கெட்டி ஆயில், ஓடும்போது தூக்க வாஷர். தேய்ந்த என்ஜினைப் பூசி மெழுகி விற்கிறவர்கள் செய்கிற வேலை. "அத்தான், உங்களுக்கு நான் என்ன குறை வெச்சேன்?" என்று வாய்விட்டே கேட்டாள்.

இனி எதற்குத் தயக்கம்? வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டு வைத்து, அடியில் படுத்து, ஆயில் தொட்டியைக் கழற்றி இறக்கினாள். டார்ச்சை அடித்தாள். பேரிங்குகளைப் பிடித்துக்கொண்டிருந்த நட்டுகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொன்றின் மேலும் மஞ்சள் கோடு. இத்தனை வருஷம் ஆயிலில் ஊறியும் ஒரு கோடுகூட உடையவில்லை. பச்சை என்று மருந்துக்கும் ஒரு புள்ளி இல்லை. என்ஜினை யாரும் இறக்கவுமில்லை, ஏற்றவுமில்லை. அப்பா கடைசியாக மூடியது மூடியபடியே இருந்தது. ஒன்றைத் திறந்தாள். பேரிங்கில் சாம்பல் பூச்சு தேய்ந்து போய்ச் செம்பு பல்லை இளித்தது.

கை துடைக்காமலே அக்காவுக்குப் போன் போட்டாள்.

"அக்கா, அத்தான் என் தலையில மிளகாய் அரைச்சுட்டாருக்கா." சொல்லும்போதே குரல் உடைந்தது. கண்டதையெல்லாம் கொட்டினாள்.

அந்தப் பக்கம் பெரியவள் அழ ஆரம்பித்தாள். "ஐயோ, இந்த மனுஷன் என்னையும்ல ஏமாத்தியிருக்கான்! எல்லாம் புதுசு போட்டேன்னு என்கிட்ட சத்தியம் பண்ணானேடி. நீ அழாத வாண்டு. இப்பவே இழுத்துட்டு வரேன். உன் முன்னாடி நிக்க வெச்சு நாலு கேள்வி கேக்கறேன், ஷெட்லதானே இருக்க?"

"வாக்கா."

போனை வைத்ததும் சின்னவளுக்குப் பாதி பாரம் இறங்கியது. அத்தான் போனால் போகட்டும், வெளியிலிருந்து வந்த மனுஷர். அக்கா என் பக்கம் இருக்கிறாள், அது போதும். அம்மா இல்லாத வீட்டில் தனக்குத் தலை பின்னிவிட்டவள் அவள். இப்போதும் தனக்காக, கட்டின புருஷனையே இழுத்துக்கொண்டு வருகிறாள்.

அவர்கள் வருவதற்குள் சும்மா இருப்பானேன் என்று, கழற்றிய சாமான்களை மண்ணெண்ணெய்த் தட்டில் போட்டுக் கழுவ உட்கார்ந்தாள். ஸ்பிரிங்கைக் கழுவி வைத்தாள். குமிழ் நட்டை எடுத்துப் பிரஷ்ஷால் தேய்த்தாள். அழுக்கு கரைந்து ஓடியது. துணியால் ஒரு துடை துடைத்தாள்.

சிவப்பு.

வேறு சிவப்பாக இருந்திருந்தால் பழைய காலத்துக் கோடு என்று மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள். இது கருஞ்சிவப்பு. போன பிறந்தநாளுக்கு, அப்பா போன பிறகு வந்த முதல் பிறந்தநாளுக்கு, இவளே கடை கடையாகத் தேடி அக்காவுக்கு வாங்கிக் கொடுத்த புட்டி. அதுவரைக்கும் அக்காவிடம் இருந்தது வெறும் ரத்தச் சிவப்புதான். வாஷரை வைத்து, நட்டை இறுக்கி, வேலை முடிந்ததும் ஒழுங்காகக் கோடு போட்டிருக்கிறாள் மகராசி. தங்கச்சியை ஏமாற்றுகிற நேரத்திலும் கை தன் பழக்கத்தை விடவில்லை.

வாசலில் ஸ்கூட்டர் நின்றது. சின்னவள் நட்டைக் கைக்குள் பொத்திக்கொண்டு எழுந்தாள்.

பெரியவள் புருஷனை முன்னால் தள்ளிக்கொண்டு வந்தாள். "சொல்லுங்க. அவ முகத்தப் பாத்துச் சொல்லுங்க."

அத்தான் முகத்தைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, மனப்பாடம் செய்த பிள்ளை மாதிரி ஒப்பித்தார். "தப்புதாம்மா. பேரிங் மாத்தல. கெட்டி ஆயில ஊத்தி, வால்வுல வாஷரப் போட்டு... எல்லாம் நான்தான். என் புத்திய என்ன சொல்றது."

"கேட்டியாடி? நானா இருந்தா செருப்பைக் கழட்டியிருப்பேன்" என்றாள் பெரியவள்.

"அத்தான், நீங்க நட்டு இறுக்கினா என்ன கலர் வெப்பீங்க?"

அவர் நிமிர்ந்து மனைவியைப் பார்த்தார். "பச்சை" என்றார்.

சின்னவள் கையை விரித்தாள். நட்டு பளபளவென்று சுத்தமாக இருந்தது. பெரியவள் அதைப் பார்த்தாள். அவள் விரல் நகங்களிலும் அதே கருஞ்சிவப்பு. விரல்களை மெல்ல உள்ளங்கைக்குள் மடக்கிக்கொண்டாள்.

"நான் வேணாம்னுதாம்மா சொன்னேன்" என்று முனகினார் அத்தான். "நீங்க வெளியில நில்லுங்க" என்றாள் பெரியவள். அவர் தப்பித்தோம் என்று போய்விட்டார்.

"போன்ல அப்படி அழுதியே அக்கா. அதுவும் நடிப்பா?"

"அது நெஜம்டி. நீ கண்டுபிடிச்சுட்டியேன்னு அழுதேன்."

"பட்டறை வேணும்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா, வண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்னு சும்மாவே குடுத்திருப்பேனே. உனக்குத் தெரியாதா?"

"தெரியும்." பெரியவளின் குரலில் இப்போது அழுகை இல்லை. "குடுத்திருப்ப. குடுத்துட்டுக் காலம் பூரா நீ நல்லவளா இருந்திருப்ப, நான் உன்கிட்ட கையேந்தினவளா இருந்திருப்பேன். நான் வளத்த பொண்ணுகிட்ட என்னால கையேந்த முடியல."

"அதுக்கு ஏமாத்தறது தேவலையா?"

பெரியவள் தட்டில் கிடந்த வாஷர்களைப் பார்த்தாள். "பேரிங் செலவ நாங்க பாத்துக்கறோம்" என்று மட்டும் சொன்னாள்.

"ஒண்ணும் வேணாம். போயிடு அக்கா. இன்னும் கொஞ்ச நேரம் நின்னா அசிங்கமா ஏதாவது பேசிடுவேன்."

ஸ்கூட்டர் சத்தம் தெருக்கோடியில் அடங்கியது. சின்னவள் கல்யாண வீட்டுக்காரருக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை வண்டி வராது, மன்னிச்சுக்குங்க என்றாள். அவர் திட்டியதையெல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டாள். பிறகு ஸ்பேனர் பெட்டியைத் திறந்தாள்.

வண்டியில் சிவப்புக் கோடு போட்ட நட்டுகள் இன்னும் நிறைய இருந்தன. நாலு சக்கரத்திலும், பிரேக்கிலும், ஸ்டியரிங்கிலும், அவள் உட்கார்கிற சீட்டுக்கு அடியிலும். அந்த ஒரு தடவைக்குப் பிறகு தொடாததை அவள் அன்றைக்குத் தொட்டாள். இடது முன்சக்கரத்தில் ஆரம்பித்து, வண்டியைச் சுற்றி வந்து, கீழேயும் படுத்து நகர்ந்து, சிவப்புக் கண்ட நட்டில் எல்லாம் ஸ்பேனரை வைத்து முழு பலத்தோடு இழுத்துப் பார்த்தாள். ஒன்றாவது தளர்ந்திருக்காதா, அக்கா எப்போதுமே இப்படித்தான் என்று வெறுத்துவிட்டுப் போய்விடலாமே என்று இழுத்தாள்.

ஒன்றுகூட அசையவில்லை. எல்லாவற்றையும் அக்கா கச்சிதமாக இறுக்கியிருந்தாள். கடைசி நட்டையும் இழுத்துப் பார்த்துவிட்டு, ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே, வண்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு சின்னவள் அழுதாள்.