பார்க்காத பகடை

ஜெயகணேஷ் எங்கள் ஆட்டத்தின் புது விதிப் புத்தகத்தை மேசைமேல் தொப்பென்று போட்டபோதே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தங்க எழுத்து மின்னும் அட்டை: ‘சால்ட் அண்ட் லான்டர்ன், இரண்டாம் பதிப்பு’. அழைக்காத விருந்தாளி வந்து நடுவீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது.

தாராவியில் என் வாப்பாவின் தோல்பைப் பட்டறையில் ஞாயிற்றுக்கிழமை மெஷின் ஓடாது. தோல் வெட்டும் அந்த மேசைதான் வருஷக்கணக்காக எங்கள் கடல். நான் கதையை நடத்துவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். அது நடக்குமா நடக்காதா என்பதை இருபது முகப் பகடை சொல்லும்; இருபது விழுந்தால் ராஜயோகம், ஒன்று விழுந்தால் ஆள் காலி. காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்போதுதான் எழுந்திருப்போம்.

என் தங்கை முறை, சாச்சா மகள் மெஹக்கின் பாத்திரம் விளக்குக்காரி. கப்பலின் மூக்கில் விளக்கோடு நின்று வழி காட்டுகிறவள். மெஹக் போன வருஷம் கல்யாணமாகி உல்லாஸ்நகர் போகும்போது, விளக்குக்காரியின் தாளை என் கையில் வைத்து, “அமானிதம் லாத்தா, பாத்துக்கோ” என்றாள். எங்கள் மேசையில் அது வழக்கம். ஊரைவிட்டுப் போகிறவர் தன் பாத்திரத்தை இன்னொருவரிடம் ஒப்படைப்பார். வாங்கியவர் அதைச் சாகவிடாமல் காக்க வேண்டும். இசக்கிப்பாண்டியும் ஜெயகணேஷும்கூட அதை அமானிதம் என்றுதான் சொல்வார்கள்.

புதுப் பதிப்பில் விளக்குக்காரியைத் தூக்கிவிட்டார்கள். நாங்கள் அதற்கு மாறினால், மெஹக் திரும்பி வரும் நாளில் அவளுக்கு இந்த மேசையில் ஆளே இருக்காது. நான் எதற்காக மல்லுக்கு நின்றேன் என்று கேட்டால், இதற்காகத்தான்.

“பேருலயே லான்டர்ன் இருக்கு, உள்ள வெளக்கக் காணோம். இத ஒருத்தன் காசு குடுத்து வாங்கிட்டு வாரான்” என்றேன்.

“பூராத்தையும் படிச்சிட்டுப் பேசு பரீஹா” என்றான் ஜெயகணேஷ். அவன் அப்பாவின் மளிகைக் கடை இரண்டு சந்து தள்ளி. “சண்டை சீக்கிரம் முடியுது. ஒரு மணி நேரத்துல ஒரு ஆட்டம். வர முடியாதவங்க போன்ல ஆடலாம், அவங்க வீட்டுலயே பகடை போடலாம்.”

“போட்டுட்டு என்ன விழுந்துச்சுன்னு அவங்களே சொல்லுவாங்களாக்கும்?”

“ஆமா.”

“நல்ல கதை. எங்கண்ணு பாக்காத பகடை செல்லாது.” இது நான் முதல் நாளிலிருந்து சொல்லிவருவது. மேசையைவிட்டு உருண்டு கீழே விழுந்த பகடையைக்கூட நான் கணக்கில் எடுத்ததில்லை.

இசக்கிப்பாண்டி என் பக்கம். “ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம். ஒனக்கு ரூல் கோணலால?” என்று ஜெயகணேஷைச் சீண்டினான். போன மாதம்தான் ஜெயகணேஷின் மாலுமி மூழ்கிச் செத்திருந்தான். அவன் முகம் கறுத்துவிட்டது.

“சிரிங்க. செம்பூர்ல புதுசா ஒரு மேசை போடுதாங்க. என்னையக் கூப்பிட்டிருக்காங்க. இன்னைக்கு இங்கன முடிவு தெரியணும்.”

ஐரோலியில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் அல்தாப், இத்தனை நேரமும் மௌலவி மாதிரி அமைதியாக இருந்தவன், “ஓட்டு போட்டுருவோம்” என்றான்.

புதுசுக்கு ஜெயகணேஷும் அல்தாபும் கை தூக்கினார்கள். பழசுக்கு நானும் இசக்கிப்பாண்டியும். சரிக்குச் சரி. ஜெயகணேஷ் பெருமூச்சு விட்டான். நான் விளக்குக்காரியின் தாளை எடுத்து மேசை நடுவில் வைத்தேன்.

“மெஹக்கோட ஓட்டு எங்கிட்ட இருக்கு. பழசு. முடிஞ்சுது.”

“அவகிட்ட கேட்டியா?” என்றான் ஜெயகணேஷ்.

“எதுக்குக் கேக்கணும்? அவ ஆளையே தூக்கிட்டாங்க. வேற என்ன சொல்லுவா?”

அவன் புத்தகத்தைப் பைக்குள் திணித்து, தன் பகடைகளை ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தான். போனால் திரும்பி வரமாட்டான் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வாய் திறந்து இரு என்று சொல்ல வரவில்லை. என் திமிர் அப்படி.

அல்தாப் தாளை என் பக்கமாகத் தள்ளினான். “அமானிதத்தப் பாதுகாக்கலாம் பரீஹா. எடுத்துச் செலவழிக்கலாமா?”

சுரீரென்றது. ஓங்கி ஒன்று வைத்திருந்தால்கூட அப்படி வலித்திருக்காது. அவன் வாயை அடைக்க வேண்டும், அவ்வளவுதான் எனக்கு. போனை எடுத்து, எல்லார் காதிலும் விழும்படி ஸ்பீக்கரில் போட்டு மெஹக்கைக் கூப்பிட்டேன். ஜெயகணேஷ் வாசலில் ஒரு செருப்பை மாட்டியபடி நின்றான்.

“ஏட்டி மெஹக், புதுப் பதிப்புக்கு மாறணும்னு இங்கன நிக்காங்க. ஒன் வெளக்குக்காரி அதுல கெடையாது. நீயே சொல்லு இவங்களுக்கு.”

அந்தப் பக்கம் ஷட்டரைப் பாதி இறக்கும் சத்தம். அவள் மாமனாரின் துணிக்கடைக்கு ஞாயிறுதான் பெரிய வியாபாரம். அவளும் கல்லாவில் உட்கார வேண்டும்.

“தெரியும் லாத்தா” என்றாள். “அந்தப் புக்கு எங்கிட்ட இருக்கு.”

“என்னது?”

“வந்தன்னைக்கே வாங்கிட்டேன்.”

“எங்கிட்டச் சொல்லவே இல்லையே.”

“சொல்லத்தான் போன் பண்ணேன். ரெண்டு தடவ. நீ எடுத்ததுமே அந்தப் புக்கத் திட்ட ஆரம்பிச்சுட்ட. பாக்காத பகடை செல்லாதுன்ன. பொறவு நான் என்னத்தச் சொல்ல?”

எனக்குக் காது இரண்டும் சுட்டது.

“மத்தியானம் ஒரு மணி நேரம் கடை அடைப்பாங்க. அவ்வளவுதான் எனக்கு. பழைய ஆட்டத்துக்கு ஒரு நாள் முழுக்க வேணும். நான் எங்க போவேன்?”

“வெளக்குக்காரி போயிருவாட்டி” என்றேன். என் குரல் எனக்கே கேவலமாக இருந்தது.

“போகட்டும். அவ அங்க இருந்து, நான் இல்லாம என்ன செய்ய?”

நான் அந்தத் தாளைப் பார்த்தேன். ஒரு மடிப்பு விழாமல், எண்ணெய் படாமல், உறை போட்டு வைத்திருந்தேன். இத்தனை நாளும் காகிதத்தைக் காத்துக்கொண்டு அவளை வெளியே நிறுத்தியிருக்கிறேன். அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழுவதைவிடக் கடலில் விழலாம்.

“ஜெயகணேஷ், அந்தப் புக்க எடு” என்றேன். “செருப்பக் கழத்திட்டு உள்ள வா.”

அவன் வந்தான். ஜெயித்தவனின் இளிப்பு இல்லாமல் புத்தகத்தைப் பிரித்து வைத்தான். மெஹக் படகோட்டியாக வருகிறேன் என்றாள். போனைத் தண்ணீர்ச் சொம்பில் சாய்த்து வைத்தோம். இசக்கிப்பாண்டி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான், ஆனால் எழுந்து போகவில்லை.

நான் புயலைக் கிளப்பினேன். கோபத்தில் கொஞ்சம் பெரிதாகவே. கப்பல் பாறையை நோக்கிப் போகிறது, சுக்கான் படகோட்டி கையில். மெஹக் தவறினால் எல்லாரும் காலி.

“போடு” என்றேன்.

உல்லாஸ்நகரில் ஒரு துணிக்கடை மேசைமேல் பகடை உருண்டது. எங்களுக்குச் சத்தம் மட்டும். அது நின்றது. இருபது என்று சொல்லியிருந்தால் யாரால் பார்க்க முடியும்? எட்டிப் பார்க்கத் துடித்த என் கழுத்தைப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

“ஒண்ணு லாத்தா” என்றாள் மெஹக். அழுதுவிடுவாள் போலிருந்தது. “செல்லுமா?”

எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள்.

“செல்லும்ட்டி” என்றேன், கப்பலை மூழ்கடித்தேன்.