மஞ்சள் ஸ்டிக்கர்

கலாதேவி அந்த வீட்டுவண்டியை வாங்கியது ஒரு வளர்பிறை வியாழனில், நல்ல நேரம் பார்த்து. இலக்கத் தகட்டின் எண்களைக் கூட்டினாள், ஒன்பது வந்தது. அடுப்பைப் பற்றவைத்துப் பார்த்தாள், தண்ணீர்க் குழாயைத் திறந்து பார்த்தாள், கட்டிலில் படுத்தே பார்த்துவிட்டாள். முன்கண்ணாடி மூலையில் வட்டமாய் ஒரு மஞ்சள் ஸ்டிக்கர் இருந்தது. மஞ்சள் மங்கலம்தானே என்று அதற்கும் ஒரு புன்னகையைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வைத்தாள்.

மூன்றாம் நாள், ஜெர்மனியின் டோர்ட்மண்ட் நகரத்தில் அவளுடைய வீட்டு வாசலில் நின்ற வண்டிக்குத் தண்டச் சீட்டு வந்தது. ஸ்டுட்கார்ட்டில் வேலை பார்க்கும் மகள் மிதுசாதான் தொலைபேசியில் விளங்கப்படுத்தினாள். நகரத்துக்குள் வரப் பச்சை ஸ்டிக்கர் வேண்டுமாம். புகை கக்கும் பழைய டீசலுக்கு அது கிடைக்காதாம். ஓடாமல் சும்மா நின்றாலும் குற்றமாம். புகை வடிகட்டி பூட்டலாமே என்று கேட்டதற்கு, இந்த வண்டிக்குப் பொருந்துவது இப்போது எங்கும் இல்லை என்றாள். பார்க்க வேண்டிய சகுனத்தையெல்லாம் பார்த்தவள், பார்க்க வேண்டிய நிறத்தைக் கோட்டை விட்டுவிட்டாள். தன் தலையில் தானே ஒரு குட்டு வைத்துக்கொண்டு, அன்றே வண்டியை எடுத்துப்போய் நகர எல்லைப் பலகைக்கு அப்பால் ஒரு குதிரைப் பண்ணையில் விட்டாள்.

தெரிந்த சனத்தின் வெறும் வாய்க்கு அவல் கிடைத்தது. புருஷன் செத்து மூன்று வருஷம் ஆகவில்லை, இவளுக்கு ஊர் சுற்ற வீட்டுவண்டி கேட்கிறதோ என்றார்கள். இருபத்தாறு வருஷம் முதியோர் இல்லத்தில் மற்றவர்களின் கட்டிலுக்கு விரிப்பு மாற்றியவள் அவள். கடலைப் பார்க்க வேண்டும், நினைத்த இடத்தில் நிறுத்திப் படுத்தெழும்ப வேண்டும். அந்த ஆசைக்கு யாரிடமும் அனுமதி கேட்கும் எண்ணம் அவளுக்கு இல்லை.

செத்தவருடைய அண்ணன் சிவகுருநாதன் கோயில் நிர்வாகத்தில் இருந்தார். வண்டிக்குப் பூசை என்றால் கோயில் வாசலுக்குத்தான் வர வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். வாசலோ நகரத்துக்கு நடுவில் இருந்தது. ஐயரையாவது எல்லைவரை கூட்டிப்போகலாமா என்று கேட்டாள். ஐயர் சிவகுருநாதனின் முகத்தைப் பார்த்தார், பிறகு பஞ்சாங்கத்தைப் புரட்டினார். பூசை போடாத வண்டியில் அவள் ஏறமாட்டாள் என்பது சிவகுருநாதனுக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான் வண்டியை வாங்க ஓர் ஆளையும் பிடித்து, சனிக்கிழமை காலை விற்பனைப் பத்திரத்தோடு பண்ணைக்கு வந்து இறங்கினார்.

அவர் வந்தபோது கலாதேவி சக்கரங்களின் கீழ் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் தட்டு, கற்பூரம், தேங்காய், குங்குமம். அவருக்கு முகம் கறுத்தது.

"உந்தத் தட்டை நீ தொடலாமோ, கலா? நாலு சனம் என்ன சொல்லும்? வண்டியும் உள்ளுக்கு வர ஏலாது. பேசாமல் கையெழுத்தை வைச்சுத் தா."

அவள் நிமிரவில்லை. கடைசிப் பழத்தையும் நகராமல் வைத்துவிட்டு, கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"இந்த நாட்டுச் சட்டம் வண்டியைத்தான் உள்ளுக்கு வரவேண்டாமெண்டு சொன்னது, அண்ணை. என்னை வெளிய போகவேண்டாமெண்டு சொல்லேல்லை. அதைச் சொன்னது நீங்கள்தான்."

அவர் பத்திரத்தை மடித்தார், விரித்தார், மறுபடி மடித்தார். அவள் இந்த மனிதருக்கு முன்னால் கதிரையில்கூட அமர்ந்தறியாதவள். பயம் இருந்தது, அதைவிடக் கோபம் கூடுதலாக இருந்தது. கற்பூரம் கொளுத்தி வண்டிக்கு மூன்று முறை காட்டினாள். முன்கண்ணாடிக்குக் கீழே குங்குமம் வைத்தாள். தேங்காயைத் தார்ச்சாலையில் ஓங்கி அடித்தாள். பண்ணைக் குதிரைகள் இரண்டு வேலியோரம் வந்து, இது என்ன புதினம் என்பதுபோல் பார்த்தன.

விரலில் மிஞ்சிய குங்குமத்தைத் துடைக்காமலே ஏறி அமர்ந்தாள். எங்கே போகிறாய் என்று அவர் கேட்டது கண்ணாடிக்கு வெளியே கேட்டது. வடக்கே என்பதைத் தவிர அவளுக்கே அது தெரியாது. வண்டி ஒருமுறை இருமி, கறுப்பாய் ஒரு புகையை விட்டு, பழங்களை ஒவ்வொன்றாய் நசுக்கி நகர்ந்தது. அந்தப் புகை சிவகுருநாதனின் வெள்ளைச் சட்டையைத் தடவி, எல்லைப் பலகையைத் தாண்டி, ஆறுதலாய் நகரத்துக்குள் போனது.