ஈரத் தலை

மகளை மண்ணுக்குக் கொடுத்த நாற்பதாம் நாள் சீதாலெட்சுமி மறுபடி ஆயாக்கொட்டகைக்கு வந்தாள். வந்ததும் முதல் வேலையாக மூங்கில் படலுக்கு ஒரு கம்பிக் கொக்கி போட்டாள்.

மலாயாவில், காப்பார் பக்கத்து ரப்பர்த் தோட்டம் அது. விடிவதற்கு முன் தண்டவாளத் துண்டில் முதல் மணி அடிப்பார்கள். பெண்கள் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் போகும் வழியில் கைப்பிள்ளைகளைக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போவார்கள். மரப்பட்டையில் வெட்டுப் போட்டு, பால் எடுத்து, ஸ்டோரில் நிறுத்துக் கொடுத்து முடிந்தால் இரண்டாம் மணி. அதற்குள் உச்சிப்பொழுது தாண்டிவிடும். இடையில் பதினாறு பிள்ளைகளும் சீதாலெட்சுமியின் பொறுப்பு. அவளுடைய ரமணியும் மூன்று வயது வரை அந்தக் கூட்டத்தோடுதான் வளர்ந்தாள். ஒருத்தி கெஞ்சினாளே என்று, துணியில் சுருட்டிக் கொண்டுவந்த பிள்ளையை ஒரு நாள் விளக்கைத் தூக்கிப் பார்க்காமல் வாங்கிப் படுக்க வைத்தாள் சீதாலெட்சுமி. மணல்வாரி அம்மை. கொண்டுவந்த பிள்ளை பிழைத்துக்கொண்டது. ரமணி பிழைக்கவில்லை.

கொக்கி போட்ட அன்று மாலை கிணற்றடியில் பெண்கள் கூடியிருந்தபோது அவள் குடத்தை இறக்கி வைத்துவிட்டுப் பேசினாள்.

"நல்லாக் கேட்டுக்குங்க. முதல் மணிக்கு முந்தி யாரும் படலைத் தட்டக் கூடாது. ரெண்டாம் மணி அடிச்சா உடனே வந்து தூக்கிக்கணும். நடுவுல வந்து எட்டிப் பார்க்கிறது கிடையாது. ஒரு தாய் தலையைக் கண்டா பதினாறும் அழுவுது. காய்ச்சப் பிள்ளையை எடுக்க மாட்டேன். தொட்டுப் பார்த்துத்தான் வாங்குவேன்."

"ஏண்டி, நீ ஆயாவா, துரைசாணியா?" என்றாள் நல்லம்மாள். நாலு பிள்ளை பெற்றவள், யாருக்கும் பயந்து வாயை மூடாதவள். "பேசுறதைப் பார்த்தா நாளைக்குக் காலுக்குச் சப்பாத்து போட்டுக்கிட்டு வருவ போலிருக்கே!"

பெண்கள் சிரித்தார்கள்.

"வாங்கிக் குடு, போட்டுக்குறேன். சொன்னது சொன்னதுதான்."

"காய்ச்சப் பிள்ளையை எங்கடி போடுறது? பால் மரத்துல கட்டித் தொங்கவிடுறதா?"

"நீ வீட்டுல இரு."

"இருந்தா கங்காணி பேரை அடிச்சிடுவான். லயத்துல இருக்கிற அறையும் போயிரும். நீ வந்து அவன்கிட்டப் பேசுவியா?"

"என் பிள்ளை போனது போதும்" என்று சொல்லிச் சீதாலெட்சுமி குடத்தைத் தூக்கிக்கொண்டாள். சிரிப்பு நின்றுவிட்டது. ரமணியைத் தூக்காத கை அந்தக் கிணற்றடியில் இல்லை.

முதல் வாரத்தில் மூன்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினாள். புறங்கையை நெற்றியில் வைப்பாள், பிறகு கழுத்தடியில் வைப்பாள். சுட்டால், "கொண்டு போ." அந்த மூன்றில் புஷ்பவல்லியின் பத்து மாதத்துப் பையன் கன்னையாவும் ஒருவன். அவள் புருஷன் தம்புசாமி கால் புண்ணோடு கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தான். பிள்ளையை வைத்துக்கொண்டு அவள் இரண்டு நாள் வீட்டில் இருந்தாள். மூன்றாம் நாள் கங்காணி பக்கிரிசாமி லயத்து வரிசை வீடுகளில் அவள் வாசலில் வந்து நின்றான்.

"புருசனும் வேலைக்கில்ல, நீயும் இல்லேன்னா அறையை எதுக்கு அடைச்சிக்கிட்டு இருக்கே? இன்னொரு தடவை பேர் விழலேன்னா சட்டிபானையைத் தூக்கி வெளியே வச்சிடு."

லயம் முழுக்க அதைக் கேட்டது.

அதற்குப் பின் ஆறு வாரம் காய்ச்சல் பிள்ளை ஒன்றுகூடக் கொட்டகை வாசலுக்கு வரவில்லை. எல்லாம் குளித்த பிள்ளைகளாக வந்தன. தலைமுடி நெற்றியில் ஒட்டிக் கிடக்கும். உடம்பு ஜில்லென்று இருக்கும். கட்டுதிட்டம் வைத்ததும் பெண்களுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று சீதாலெட்சுமிக்கு உள்ளூரப் பெருமை. ஒன்றுதான் பிடிபடவில்லை. தோட்டத்து மருந்தகத்திலிருந்து வாரம் ஒரு முறை கொட்டகைக்கு வரும் டிரெஸ்ஸர் ராதாகிருஷ்ணனிடம் கேட்டாள்.

"வர்றப்ப பச்சத்தண்ணி மாதிரி வருதுங்க ஐயா. ஒன்பது மணியானா ரெண்டு மூணு கொதிக்குது."

"இந்தக் காட்டுக் காய்ச்சல் அப்படித்தாம்மா, வெயிலோட ஏறும்" என்று சொல்லி அவர் கொய்னா மருந்தைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனார்.

ஐப்பசி மழை பிடித்த நேரம். ஒரு நாள் முதல் மணி அடித்ததும் புஷ்பவல்லி படலுக்கு முன் நின்றாள்.

"என்ன புஷ்பம், பையன் நடுங்குறான்?"

"பனிக்கா."

புறங்கையை வைத்துப் பார்த்தாள். நெற்றி குளிர்ந்திருந்தது. கழுத்தும் அப்படித்தான். "இந்தக் குளிர்ல தலைக்கு ஊத்தணுமா? உனக்குப் புத்தியிருக்கா?" என்று செல்லமாக வைதுகொண்டே கை நீட்டினாள். புஷ்பவல்லி பிள்ளையை உடனே விடவில்லை. பெரட்டுக் களத்திலிருந்து கங்காணியின் குரல் கேட்டபிறகுதான் விட்டாள்.

தூளிகள் எல்லாம் தாய்மார் கொடுத்த பழைய புடவைகள். கன்னையாவுடையது மஞ்சள் கரை போட்ட பச்சைப் புடவை. அதில் போட்டதும் அவன் சுருண்டுகொண்டு தூங்கிப்போனான்.

எட்டு மணி வாக்கில் வேலிக்கு வெளியே புஷ்பவல்லி வந்து நின்றாள். கையில் பால் வெட்டும் கத்தி. ஓடிவந்த மூச்சு இன்னும் அடங்கவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை பாத்துட்டுப் போயிடுறேன்."

"என்ன சொல்லியிருக்கேன் நான்?"

"தூங்குறானா?"

"நல்லாத் தூங்குறான். நீ உள்ள வந்தா எல்லாம் எந்திரிச்சிக்கும். மணி அடிக்கட்டும் புஷ்பம்."

புஷ்பவல்லி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சொன்னால் நாளைக்குப் பிள்ளையை எங்கே விடுவது என்று நினைத்தாளோ என்னவோ, மூடிக்கொண்டாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே மரங்களுக்குள் போனாள். கொக்கியின் இந்தப் பக்கம் நின்று சீதாலெட்சுமி அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒன்பது மணிக்குத் தூளி தானாக ஆடியது. விலக்கிப் பார்த்தாள். பிள்ளைக்குக் கண் மேலே செருகியிருந்தது. கைகால் வெட்டி வெட்டி இழுத்தது. உடம்பு அடுப்பாகக் கொதித்தது. மடியில் போட்டுக்கொண்டு கத்தினாள். பால் வாளியோடு போன ஒருவர் டிரெஸ்ஸரைக் கூப்பிட ஓடினார். டிரெஸ்ஸர் வந்து சேர்ந்தபோது பிள்ளை வெட்டுவது நின்றிருந்தது. அவர் மார்பில் காதை வைத்துக் கேட்டார், அப்புறம் இமையை மூடிவிட்டார். இரண்டாம் மணிக்கு இன்னும் மூன்று மணி நேரம் இருந்தது.

மாலையில் ரமணிக்குப் பக்கத்திலேயே குழி வெட்டினார்கள். திரும்பி வரும் வழியில் நல்லம்மாள் சீதாலெட்சுமியை ஒட்டி நடந்தாள்.

"உனக்கு உண்மையிலேயே தெரியாதா சீதா?"

"என்ன தெரியாதா?"

"காய்ச்சப் பிள்ளைக்குக் கிணத்துத் தண்ணியை ரெண்டு வாளி ஊத்தினா உடம்பு ஆறிடும். உன் கையைத் தாண்டுற வரைக்கும் ஆறி இருந்தாப் போதும். நானும் செஞ்சேன். எல்லாரும்தான் செய்யுறோம்." வழியில் தேங்கிய மழைநீரைத் தாண்டிவிட்டு, "அவ இன்னிக்கு நாலு வாளி ஊத்துனா. அவ்வளவு சூடு" என்றாள்.

மறுநாள் முதல் மணிக்குச் சீதாலெட்சுமி காய்ந்த துண்டோடு வாசலில் நின்றாள்.

"காய்ச்சல்னா காய்ச்சல்னு சொல்லுங்க. மூலையில தனியாப் படுக்க வச்சிப் பாத்துக்குறேன். திருப்பி அனுப்ப மாட்டேன், ரமணி மேல சத்தியம்."

"காய்ச்சல் இல்லக்கா" என்றாள் முதலில் நின்றவள். அடுத்தவளும் அதையே சொன்னாள். எல்லாரும் அதையே சொன்னார்கள். மூன்று தலை ஈரமாக இருந்தது. சீதாலெட்சுமி பிள்ளைகளை வாங்கினாள். ஒவ்வொன்றாகத் துவட்டி, மூலையில் கொண்டுபோய்ப் படுக்க வைத்தாள்.

நாலாம் நாள் புஷ்பவல்லி வேலைக்கு இறங்கினாள். இரண்டாம் மணி அடித்ததும் மற்ற பெண்களோடு கொட்டகைக்கு வந்தாள். பெண்கள் விலகி அவளை முன்னால் விட்டார்கள். ரவிக்கையின் முன்பக்கம் பால் ஊறி நனைந்திருந்தது.

"மணி அடிச்சிருச்சுக்கா. இப்ப உள்ள வரலாமா?"

சீதாலெட்சுமி கொக்கியைப் பிடித்தபடியே நின்றாள். புஷ்பவல்லியே வெளியிலிருந்து கையை நுழைத்துக் கழற்றினாள். நேராகப் பச்சைத் தூளிக்குப் போய் முடிச்சை அவிழ்த்தாள். புடவையை உதறினாள், மடித்தாள், மார்போடு சேர்த்து வைத்துக்கொண்டாள். போகும்போது வாசலில் நின்றாள்.

"துவட்டித்தான் கொண்டாந்தேன்கா. சரியாக் காயல."

அவள் போன பிறகுதான் மற்றவர்கள் தங்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டார்கள். படல் திறந்தபடியே கிடந்தது. அதற்குப் பிறகு சீதாலெட்சுமி அந்தக் கொக்கியைப் போடவே இல்லை. ஈரத் தலைகள் மட்டும் அடுத்த மழைக்காலத்திலும் வந்துகொண்டிருந்தன.