கீற்று நனைவதற்குள்

எனக்கு வாய் கிடையாது என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. எல்லோருக்கும் நான் ஊமைச்சி. அம்சம் என்று பேர் சொல்லிக் கூப்பிட்டது அப்பா மட்டும்தான். பேசத்தான் பிடிக்காதே தவிர, எதையும் பார்க்காமல் விட்டதில்லை. வாய்க்கால் எங்கே போய் முடிகிறது, ரயிலில் போகிறவர்கள் எங்கே இறங்குகிறார்கள் என்று நாற்று நடும்போதும் அதே யோசனை. ஆனால் ஊர் மதகைத் தாண்டியதில்லை. நாலு பேர் திரும்பிப் பார்த்தால் எனக்குக் கால் ஓடாது.

உதயசூரியன் ஆட்சிக்கு வந்த மறுவருஷம், கூலி கூட்டிக் கேட்ட கூட்டத்தில் அப்பா சாமிதுரையும் நின்றார். அடுத்த நாளே பண்ணையார் ராஜகோபாலன் எங்கள் குடிசை வாசலுக்கு வந்து, மனை தன்னுடையது என்றார். வானம் கறுத்திருந்தது. அப்பா கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

“மழை வர்றதுக்குள்ள பிரிச்சிடு சாமிதுரை. கீத்தாவது நனையாம இருக்கும்.”

உபகாரம் செய்கிறவர் மாதிரி சிரித்துக்கொண்டே சொன்னார். அப்பாவே மேலே ஏறிப் பிரித்தார். அந்த ஐப்பசி முழுக்க ரயில்வே கேட் ஓரம் சாக்குக்கு அடியில் கிடந்தோம். தை பிறப்பதற்குள் சளி கட்டி அப்பா போய்ச் சேர்ந்தார். நான் அழவில்லை. அந்தச் சிரிப்பை மட்டும் மறக்காமல் வைத்துக்கொண்டேன்.

மனை அவருடையது என்று எதில் எழுதியிருக்கிறது? இந்தக் கேள்விதான் என்னை மதகு தாண்ட வைத்தது. முதலில் கீழ்வேளூர் கடைத்தெரு வரை போய், யாரையும் எதுவும் கேட்காமல் திரும்பினேன். அடுத்த முறை ஸ்டேஷனில் உட்கார்ந்து, டிக்கெட் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்த்தேன். மூன்றாம் முறை நாகப்பட்டினத்துக்கு நானும் எடுத்தேன். அன்றுதான் கடலைப் பார்த்தேன். எங்கள் வாய்க்கால் இவ்வளவு பெரிய இடத்துக்கா வருகிறது என்று கோபத்தை மறந்து கொஞ்ச நேரம் நின்றேன். கொஞ்ச நேரம்தான்.

தாலுகா ஆபீஸ் வாசலில் நாலு நாள் சும்மா நின்றேன். ஐந்தாம் நாள், அங்கே மனு எழுதும் அப்துல் அஜீஸ் பாய் என்னைக் கூப்பிட்டு, பேச வராவிட்டால் எழுதிக் கொடு என்று காகிதம் நீட்டினார். ஐந்தாவது வரை படித்தது அன்றைக்கு உதவியது. அவர் வாங்கித் தந்த, ஊர் நிலத்தையெல்லாம் அளந்து வரைந்த புலப்படத்தில் எங்கள் மனை சர்க்கார் புறம்போக்கு. ஒரு பொய்க்குப் பயந்து அப்பா செத்திருக்கிறார். படத்தில் விரலை நகர்த்திக்கொண்டே போனேன். பண்ணையாரின் மாட்டுக்கொட்டகை நிற்பது வாய்க்கால் புறம்போக்கு.

இரண்டு மனுவாக எழுதச் சொன்னேன்.

மூன்று வருஷம் ரயிலேறி அலைந்தேன். ஓர் ஐப்பசியில் சர்வேயர் சங்கிலியோடு வந்தார். முதலில் எங்கள் மனையை அளந்து கல் நட்டார். பிறகு சங்கிலி கொட்டகைக்குள் நுழைந்து பசுக்களுக்கு நடுவே நீண்டது. காலி செய்யக் கொடுத்த கெடு போன மாதமே முடிந்தது, இன்றே பிரிக்க வேண்டும் என்று கூட வந்த அதிகாரி சொல்லிவிட்டார். ஊரே கூடிவிட்டது. அத்தனை பேர் பார்க்க நான் முன்னால் நடந்து போனேன்.

பண்ணையார் என்னை ஏற இறங்கப் பார்த்து, நீயா நாகப்பட்டினம் வரைக்கும் போனாய் என்று கேட்டார். பண்ணையாரை நாங்கள் கும்பிட்டுக் கூப்பிடும் ஆண்டே என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. விழுங்கிவிட்டேன். வானம் கறுத்திருந்தது.

“மழை வர்றதுக்குள்ள பிரிச்சிடுங்க. கீத்தாவது நனையாம இருக்கும்.”

சொல்லிவிட்டு, கடைசிக் கீற்று இறங்கும்வரை அங்கேயே நின்றேன்.